36 சதவீத வருமான வரியும் அதன் இணையச் சேவையும்: மலையகத்திலிருந்து ஒரு மதிப்பீடு

2025 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள தனிநபர் வருமான வரியையும், அதைக் கணக்குக் காட்டிக் கட்டுவதற்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வைத்திருக்கும் இணையச் சேவையையும் இங்கே சேர்த்தே பார்க்கிறோம். பணக்காரரிடம் கூடுதலாக வாங்கினால் நாடு நிமிருமா, இருக்கிற பணமும் ஓடிப்போகுமா என்ற சண்டை பாராளுமன்றத்திலும் நடக்கிறது, ஹற்றன் பஸ் நிலையத்திலும் நடக்கிறது. சண்டை போடுகிறவர்களில் எத்தனை பேர் வரி அட்டவணையைத் திறந்து பார்த்திருப்பார்கள் என்பது சந்தேகம்தான்.

எங்கள் புள்ளிகளை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அரசுக்குப் பணம் திரட்டும் வேலைக்கு ஐந்தில் நான்கு. பிடிக்க வேண்டியவரைப் பிடிக்கிறதா என்பதற்கு ஐந்தில் இரண்டு. இணையச் சேவைக்கு மூன்று.

விலை விபரம் இது. ஆண்டு வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாவுக்கு வரி இல்லை. மாதத்துக்கு 150,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். பிறகு ஐந்தைந்து இலட்சமாக மூன்று படிகள்: 18, 24, 30 சதவீதம். மிச்சம் எவ்வளவாக இருந்தாலும் 36. மாதம் 2 இலட்சம் உழைப்பவர் கட்டுவது 3,000 ரூபா. 5 இலட்சத்துக்கு 86,000. 10 இலட்சத்துக்கு 266,000, அதாவது மொத்தத்தில் 26.6 சதவீதம். 36 என்பது முழுச் சம்பளத்துக்கும் அல்ல, கடைசிப் படியைத் தாண்டிய தொகைக்கு மட்டும். "பதவி உயர்வு வந்தால் வரியில் எல்லாம் போய்விடும்" என்று வேலைத்தளத்தில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூடும் ஒவ்வொரு 1,000 ரூபாவிலும் குறைந்தது 640 கைக்கு வரும்.

இதே பொருளின் பழைய பதிப்புகளோடு ஒப்பிட்டால்தான் அதன் குணம் தெரியும். 2019 வரை மாதம் 10 இலட்சம் சம்பளம் வாங்கியவர் ஏறத்தாழ 186,000 ரூபா வரி கட்டினார். உச்ச வீதம் 24. அந்த ஆண்டு இறுதியில் கோட்டாபய ராஜபக்ச அரசு வரிகளை வெட்டியது. வரியில்லா எல்லை 30 இலட்சமானது, படிகள் 6, 12, 18 ஆயின, உழைக்கும்போதே கழிக்கும் வரி நீக்கப்பட்டது. அதே ஆளின் வரி 90,000 ஆக இறங்கியது. மாதம் 2 இலட்சம் வாங்கியவருக்கும் விடுதலை கிடைத்ததுதான், ஆனால் அவருக்கு மிஞ்சியது 6,000. மேலே இருந்தவருக்கு 96,000. வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 8 சதவீதமானது. வற் பதிவுக்கான எல்லை ஆண்டுக்கு 1.2 கோடி விற்றுமுதலிலிருந்து ஒரேயடியாக 30 கோடிக்குப் போனது.

"வரியைக் குறைத்தால் பணக்காரர் முதலீடு செய்வார்கள், தொழில் பெருகும், கடைசியில் வரி வருமானமும் கூடும்" என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பரிசோதனை இந்த நாட்டில் நடந்ததில்லை. வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்தை ஒட்டிச் சரிந்து, 2022இல் அதற்கும் கீழே இறங்கியது. 2020இலேயே கடன் தரப்படுத்தல் விழுந்தது, வெளிநாட்டுச் சந்தையில் புதிதாகக் கடன் வாங்கும் கதவு மூடியது, பற்றாக்குறையை மத்திய வங்கி பணம் அச்சிட்டு நிரப்பியது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவது நிறுத்தப்பட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. கொரோனாவும், 2021இன் இரசாயன உரத் தடையும் சேர்ந்தே அடித்தன என்பதை மறைக்கத் தேவையில்லை; தேயிலைத் தோட்டங்கள் அந்த உரத் தடையின் விலையை விளைச்சலில் கட்டின. ஆனால் முதலில் வாளியில் ஓட்டை போட்டது வரிவெட்டு. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் யார் என்று தீர்ப்புச் சொன்னபோது இந்த வரிவெட்டும் அதில் பேசப்பட்டது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலமும் 2012இல் இப்படி ஒரு வெட்டைச் செய்து, பள்ளிக்கூடங்களுக்குப் பணமில்லாமல் திண்டாடி, 2017இல் திருப்பி எடுத்தது.

2023 ஜனவரியில் எதிர்த்திசை. வரியில்லா எல்லை 12 இலட்சம், ஐந்து இலட்சத்துக்கு ஒரு படி, உச்சம் 36. மாதம் 5 இலட்சம் உழைத்தவரின் வரி 15,000இலிருந்து 106,500க்கு ஏறியது. சர்வதேச நாணய நிதியத்தின் கடன் திட்டம் அந்த மார்ச்சில் ஒப்புதலானது. அரசு வருமானம் 2024இல் உற்பத்தியின் 13 சதவீதத்தைத் தாண்டியது. அதே ஆண்டு பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது. வரி கூடியதால் வளர்ந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. பாதாளத்தில் விழுந்த ஒன்று எழும்பும்போது வேகம் அப்படித்தான் தெரியும். 36 சதவீதம் பொருளாதாரத்தின் கழுத்தை நெரித்துவிடும் என்று ஆரூடம் சொன்னவர்களுக்குத்தான் இது பதில்.

இனிக் குறைகள். 36 சதவீதப் படி தொடங்குவது ஆண்டுக்கு 43 இலட்சத்தில், மாதம் ஏறத்தாழ 358,000 ரூபாவில். மலையகத்தில் அந்தக் கோட்டைத் தாண்டும் சம்பளக்காரர் யார்? ஆதார வைத்தியசாலையில் வேலை பார்த்துக்கொண்டு மாலையில் தனியார் கிளினிக் நடத்தும் விசேட வைத்தியர், மூத்த வங்கி அதிகாரி, பெரிய தோட்டத்துத் துரை, அதாவது முகாமையாளர். துரைக்குக் கம்பனி கொடுக்கும் பங்களாவும் வாகனமும்கூட விதிக்கப்பட்ட பெறுமதியில் வருமானத்தோடு சேரும். இவர்கள் வசதியானவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் மாதம் 40 இலட்சம் வருமானமுள்ளவருக்கும் கடைசி ரூபாவில் அதே 36தான். "பணக்காரர் வரி" என்று பெயர் வைத்துவிட்டு, சம்பளச் சிட்டையில் பிடிபடுகிறவரோடு ஏணி முடிந்துவிடுகிறது.

பிடிபடாதது எங்கே இருக்கிறது என்று பார்த்தால் முதல் இடம் காணி. நுவரெலியாவிலும் எல்லவிலும் நிலத்தின் விலை ஏறிய வேகம் எந்தச் சம்பளமும் ஏறாத வேகம். வைத்திருக்கும் வரை மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ கட்டும் ஆதன வரியோடு சரி. விற்றால் தனிநபருக்கு மூலதன ஆதாய வரி; அது 10இலிருந்து 15 சதவீதமானதும் 2025 ஏப்ரலில்தான். ஆதாயத்தைக் கணக்கிடும்போது, 2017 செப்டெம்பர் 30க்கு முன் வாங்கிய காணிக்கு அன்றைய சந்தைப் பெறுமதியையே கொள்விலையாக எடுக்கலாம். ஆகவே பரம்பரைக் காணி விற்பவர்கள் காணி உறுதிப் பத்திரத்தில் உள்ள பழைய விலையை வைத்துக் கணக்குப் போடாமல், அந்தத் திகதிக்கான மதிப்பீட்டு அறிக்கை ஒன்றைத் தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் எடுத்துக்கொள்ளுங்கள். முத்திரைத் தீர்வையைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் இங்கேதான் திருப்பி அடிக்கும்: இன்று 60 இலட்சம் என்று குறைத்து எழுதி வாங்குகிறவர், நாளை உண்மையான விலைக்கு விற்கும்போது அந்த வித்தியாசத்துக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டிவரும்.

கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்குகளை விற்று வரும் ஆதாயத்துக்கு வரிவிலக்கு. பங்கிலாபத்துக்கு 15 சதவீதம்தான் என்று சிலர் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் முழுக்க நியாயமில்லை. கம்பனி தன் இலாபத்தில் 30 சதவீதத்தை முதலே கட்டிவிடுகிறது. 100 ரூபா இலாபம் 70 ஆகி, பங்கிலாபமாகக் கைக்கு வரும்போது 59.50. வரியாகப் போவது 40.50. சம்பளக்காரரின் 36ஐவிட இது கூடுதல்.

பெரிய ஓட்டை கையிலே புரளும் காசு. பில் போடாத விடுதி, கணக்குப் புத்தகம் இல்லாத மொத்த வியாபாரம், ரசீது கொடுக்காத தனியார் வகுப்பு. வீதத்தை 36இலிருந்து 40க்கு ஏற்றினால் இவர்களில் யாரும் ஒரு ரூபா கூடுதலாகக் கட்டப்போவதில்லை. கட்டுவது ஏற்கெனவே சிட்டையில் பிடிபட்டவர். 2023இல் வைத்தியர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்ததும், படித்தவர்கள் கூட்டமாக வெளிநாடு போனதும் வரியால் மட்டுமல்ல, ரூபாவின் பெறுமதி ஏறத்தாழ பாதியானதும் பெரிய காரணம். என்றாலும் பக்கத்துக் கட்டடக்காரர் கட்டாத வரியைத் தான் கட்டுகிறோம் என்ற எண்ணம் போகிறவரின் பெட்டியைச் சீக்கிரம் கட்டவைக்கும். வரி உயர்வு பொருளாதாரத்துக்குக் கெடுதல் செய்யும் வழி இதுதான். முதலாளி காசைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, மாவட்டத்தில் இருந்த ஒரே மயக்க மருந்து வைத்தியர் ஓடுவது எங்களுக்கு நட்டம்.

சொத்துக்கே வரி போடலாமே என்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. பிரித்தானியப் பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோர் 1958இல் பண்டாரநாயக்க அரசுக்கு ஆலோசனை சொல்லி, சொத்து வரி, செலவு வரி, நன்கொடை வரி எல்லாம் வந்தன. காகிதத்தில் அழகு. சொத்தை மதிப்பிட ஆளும் இல்லை, பதிவேடும் இல்லை. வந்த பணம் சொற்பம். செலவு வரி நிலைக்கவில்லை, சொத்து வரி 1990களில் போய்விட்டது. காணிப் பதிவேடும் வரி இலக்கமும் ஒன்றோடொன்று இணையாமல் மறுபடி கொண்டுவந்தால் மறுபடியும் அதே கதிதான். 18 வயதைத் தாண்டியவர்களுக்கு டின் எனப்படும் வரி செலுத்துநர் இலக்கம் கட்டாயமாக்கப்பட்டது இந்தத் திசையில் ஒரு நல்ல தொடக்கம்.

தோட்டத் தொழிலாளிக்கு இந்த விவாதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். 2026 வரவு செலவுத் திட்டம் அறிவித்த, வரவுக்கான 200 ரூபாவும் அடங்கிய 1,750 ரூபா நாட்சம்பளத்தை, மாதம் 25 நாளும் பேர் விழுந்ததாக, அதாவது முழுநாள் வேலை பதிவானதாக, வைத்துப் பெருக்கினால் ஆண்டுக்கு 525,000. வரியில்லா எல்லையில் மூன்றிலொரு பங்கைக்கூட எட்டாது. ஆனால் சவர்க்காரத்திலும் ரீலோட்டிலும் 18 சதவீத வற் இருக்கிறது. சமையல் எரிவாயுவும் 2024 ஜனவரியில் அந்த வலைக்குள் வந்தது. மேலே இருப்பவரிடம் வாங்கத் தவறும் ஒவ்வொரு ரூபாவும் கடைசியில் இந்த வழியாகத்தான் வாங்கப்படுகிறது. லயத்தில் இருப்பவருக்கு வருமான வரி விவாதம் சம்பந்தமில்லாதது அல்ல.

சேவைக்கு வருவோம். டின் இலக்கம் எடுத்த பிறகு இணையச் சேவைக்கான பின் (PIN) என்ற இரகசிய இலக்கத்தைக் கேட்டுப் பெற வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: டவுனில் உள்ள கொமியூனிகேசன் கடையில் பதிவு செய்யும்போது கடைக்காரரின் மின்னஞ்சலையும் தொலைபேசியையும் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு பின் இலக்கமும் அறிவித்தல்களும் அவருக்குத்தான் போகும். உங்களுடைய மின்னஞ்சலையே கொடுங்கள்.

படிவத்தைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டித் தொழில்தருநர் தரும் டீ 10 சான்றிதழ், ஒவ்வொரு வங்கியிலிருந்தும் வட்டியும் பிடித்த வரியும் காட்டும் சான்றிதழ், வாடகை வருமானம் இருந்தால் அதன் விபரம். நிலையான வைப்பு வட்டியில் வங்கி 10 சதவீதம் பிடிக்கிறது. இது முற்பணம், மொத்த வரியில் கழிக்கலாம், ஆனால் சான்றிதழ் இல்லாமல் கழிக்க முடியாது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் பிடிக்கவே மாட்டார்கள். ஓய்வுபெற்ற எத்தனையோ ஆசிரியர்கள் இதைத் தெரியாமல் பணத்தை விட்டுவிட்டு இருக்கிறார்கள். வாடகையில் 25 சதவீதம் நிவாரணமாகக் கழியும். வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு போட்டிருந்தால் ஆண்டுக்கு 6 இலட்சம் வரை கழிக்கலாம். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் வெட்டும் 8 சதவீதத்தை மட்டும் கழிக்க முடியாது. இரண்டு இடத்தில் சம்பளம் வாங்குபவர்கள் வரியில்லா எல்லையை ஒரு தொழில்தருநரிடம் மட்டுமே கேட்க வேண்டும். இரண்டு இடத்திலும் கேட்டால் ஆண்டு முடிவில் ஒரு பெரிய தொகை கழுத்தைப் பிடிக்கும்.

சொத்து, பொறுப்பு விபரக்கூற்றுத்தான் படிவத்தின் இதயம். சென்ற ஆண்டு 30 இலட்சம் வைப்பு, இந்த ஆண்டு 90 இலட்சத்துக்கு ஒரு வேன், காட்டிய வருமானம் 25 இலட்சம் என்றால் கேள்வி வரும். வேனுக்கு லீசிங் எடுத்திருந்தால் அதைப் பொறுப்புப் பகுதியில் போடுங்கள். அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணமென்றால் வங்கிக் கூற்றை எடுத்து வையுங்கள். பணக்காரரைப் பிடிக்கத் திணைக்களத்திடம் இருக்கும் நல்ல ஆயுதம் இந்த ஒரு பக்கம்தான். அதைக் காணிப் பதிவோடும் வாகனப் பதிவோடும் ஒழுங்காக ஒப்பிட்டாலே வீதத்தைத் தொடாமல் வருமானம் கூடும்.

மதிப்பாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. தவணைகள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. மிச்சத்தைச் செப்டெம்பர் 30க்குள் கட்ட வேண்டும். படிவம் நவம்பர் 30. வரிப் பணம் பிந்தினால் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி ஏறும். பணம் கட்டும்போது மதிப்பாண்டையும் தவணையையும் குறிக்கும் குறியீட்டை இரண்டு முறை பாருங்கள். ஒரு இலக்கம் மாறினால் பணம் வேறொரு தவணையில் போய் நிற்கும், உங்கள் பெயரில் நிலுவை காட்டும். கட்டிய சீட்டையும் படிவம் ஏற்கப்பட்டதற்கான பற்றுச்சீட்டையும் அன்றே சேமித்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் 1944க்கு அழைக்கலாம். ஆனால் நவம்பர் கடைசி வாரத்தில் அழைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள், எல்லோரும் அப்போதுதான் அழைப்பார்கள்.