52,500 ரூபாய் போச்சு: கிருஷ்ணகிரியில் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

52,500 ரூபாய். ஆறு கோர் பிராசசர் உள்ள லேப்டாப்பைக் காட்டி, நாலு கோர் பிராசசர் உள்ளதை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். பிராசசர்தான் லேப்டாப்பின் மூளை, கோர் என்பது அதற்குள் வேலை செய்கிற கைகள் மாதிரி. கேட்கப் போனால் "ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறார்கள். கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து நடந்தே போய்விடலாம், அப்படி ஒரு இடத்தில் இருக்கிற கம்ப்யூட்டர் கடை. புகார் நிலுவையில் இருப்பதால் இப்போதைக்குப் பெயர் போடவில்லை. ஆனால் காலேஜ் திறக்கிற நேரம் இது. காவேரிப்பட்டணம், பர்கூர், ஊத்தங்கரை, மத்தூர் பக்கமிருந்து எத்தனையோ பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லேப்டாப் வாங்க டவுனுக்கு வருவார்கள். அவர்களில் ஒருவராவது தப்பிக்கட்டும் என்றுதான் கோபம் ஆறுவதற்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என் தங்கை பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இதுவரை என்னுடைய பழைய லேப்டாப்பைத்தான் வைத்துக்கொண்டு ஓட்டினாள். இந்த வருஷம் மொபைல் ஆப் செய்கிற புராஜெக்ட். ஆப் எழுதுகிற மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்தாலே பழையது மூச்சு முட்டியது. அப்பா மாங்காய் விற்ற காசை எடுத்துக் கொடுத்தார். பெங்களூரா மாங்காய் ஃபேக்டரி வாசலில் என்ன விலைக்குப் போகிறது என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 52,500 ரூபாய்க்கு எத்தனை லோடு இறக்க வேண்டும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாங்கள் ஒன்றும் பார்க்காமல் போய் நிற்கவில்லை. ஐம்பதாயிரத்தை ஒட்டி மூன்று லேப்டாப்புகளைத் தேர்ந்தெடுத்து, நோட்டில் எழுதி ஒப்பிட்டுத்தான் போனோம். முதலாவது ஆன்லைனில் பார்த்தது, இன்டெல் ஐ5-1235யு. பத்து கோர் என்று எழுதியிருக்கும், ஆனால் அதில் வேகமான பெரிய கோர் இரண்டுதான், மீதி எட்டும் கரண்ட் மிச்சம் பிடிக்கிற சின்ன கோர். அன்றாட வேலைக்கு நல்ல சிப்தான். இரண்டாவது பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் விசாரித்தது, ஐ5-12450எச். நாலு பெரிய கோர், நாலு சின்ன கோர், தனி கிராபிக்ஸ் கார்டும் உண்டு. மூன்றில் வேகமானது இதுதான். ஆனால் எடை அதிகம், சார்ஜர் தனியாக ஒரு சுமை, பேட்டரியும் சீக்கிரம் தீரும். தங்கை காவேரிப்பட்டணத்தில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரியில் மாறி, பர்கூர் போகிறவள். நின்றுகொண்டே போகிற நாள்தான் அதிகம். தோளில் அவ்வளவு எடை வேண்டாம் என்று அதை விட்டோம்.

மூன்றாவதுதான் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 7530யு. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் பன்னிரண்டு வேலையை எடுத்துக்கொள்ளும். ஆறும் ஒரே மாதிரி முழு கோர்கள். எடை குறைவு, பேட்டரி நிற்கும். நாங்கள் பார்த்த மாடலில் 8 ஜிபி ரேம் போட்டு, இன்னொரு ஸ்லாட்டைக் காலியாக விட்டிருந்தார்கள். அடுத்த வருஷம் கையில் காசு இருக்கும்போது இன்னொரு 8 ஜிபி போட்டால் 16 ஆகிவிடும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்கு 8 ஜிபி என்பது குறைந்தபட்சம்தான், எமுலேட்டரும் (லேப்டாப்புக்குள்ளேயே ஓடுகிற பொய் போன்) சேர்த்து ஓட்ட 16 இருந்தால்தான் நிம்மதி. அதனால் அந்தக் காலி ஸ்லாட்டுக்காகவேதான் இந்த மாடலை முடிவு செய்தோம். மற்றபடி மூன்றுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

இங்கேதான் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ரைசன் 5 7520யு என்று இன்னொரு சிப் இருக்கிறது. எண்ணில் பார்த்தால் 7530க்கும் 7520க்கும் பத்துதான் வித்தியாசம். உள்ளே போனால் வேறு சிப். இந்த 7000 வரிசை லேப்டாப் சிப்களில் மூன்றாவது இலக்கம்தான் கோர் எந்தத் தலைமுறை என்று சொல்லும். அந்தத் தலைமுறைகளுக்குப் பெயர் ஜென். 3 என்றால் ஜென் 3, 2 என்றால் பழைய ஜென் 2. ஜென் 2 முதலில் வந்தது 2019இல். 7520யு-வில் நாலு கோர், எட்டு த்ரெட். எல்3 கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கிற வேகமான மெமரி, 4 எம்பி, 7530யு-வில் அதே கேஷ் 16 எம்பி. அதைவிட முக்கியம், 7520யு ஏற்கிற ரேம் போர்டிலேயே சால்டர் செய்து வருவது. வாங்கும்போது 8 என்றால் கடைசி வரை 8தான். விலை குறைந்த லேப்டாப்பில், குறைந்த விலைக்கு, விவரம் சொல்லி விற்றால் அதில் தப்பே இல்லை. பிரவுசிங், டைப்பிங், ஆன்லைன் வகுப்புக்கு அது போதும். 7530 என்று காட்டி, 7530 விலையை வாங்கிக்கொண்டு, 7520-ஐக் கொடுப்பதற்கு என்ன பெயர்?

கடையில் நடந்தது இதுதான். முதலில் ஆன்லைன் விலையைச் சொன்னேன். கடைப் பையன் நன்றாகப் பேசுகிறவன். "ண்ணா, ஆன்லைன்ல ரெண்டாயிரம் கம்மியா வரும், நான் இல்லன்னு சொல்லல. நாளைக்கு ஒரு பிரச்சனைன்னா யாரைப் போய்க் கேப்பீங்க? நாங்க எங்கயும் ஓடிட மாட்டோம், இங்கயேதான் இருப்போம்" என்றான். அப்பா தலையாட்டினார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது, இப்போதும் அந்த வார்த்தையில் தப்பு இல்லை. ஊர்க்கடைக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறதே, அதற்காகத்தான் ரெண்டாயிரம் கூடக் கொடுக்கவும் தயாரானோம்.

டிஸ்ப்ளேயில் இருந்த லேப்டாப்பைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுகிற டாஸ்க் மேனேஜரைக் காட்டச் சொன்னாள் தங்கை. காட்டினான். பிராசசர் பெயர் ரைசன் 5 7530யு. கோர் 6, லாஜிக்கல் பிராசசர் (த்ரெட்தான்) 12. மெமரி பக்கத்தில் இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் நிரம்பியிருந்தது. தங்கை திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள், நோட்டில் இருந்ததோடு சரிபார்த்தாள். ஓனர் அந்தப் பக்கமிருந்து பார்த்துச் சிரித்து, "பாப்பா வெவரமாத்தான் இருக்குது, இதே பீஸுதான்மா உனக்கு, புது பாக்ஸ் குடோன்லருந்து வரும்" என்றார். "இதே பீஸுதான்மா" என்ற அந்த வார்த்தையை நம்பித்தான் அப்பா வேட்டி மடிப்பிலிருந்து பணத்தை எடுத்தார். ஓனர் எண்ணிப் பார்க்கும்போது அப்பா கும்பிடு வேறு போட்டார். இதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. பணத்தை வாங்கிய அந்தக் கையால்தான் அவர் மாத்திக் கொடுத்திருக்கிறார்.

சாயங்காலம் பெட்டி வந்தது. பில்லில் "லேப்டாப் ஆர்5 7000 சீரிஸ் 8/512" என்று மட்டும் இருந்தது. முழு மாடல் எண்ணை எழுதச் சொன்னேன். "சீரியல் நம்பர் போட்டிருக்கோம்ல ண்ணா, அதுலயே எல்லாம் வந்துரும்" என்றான் பையன். பெட்டியின் பக்கவாட்டில் கம்பெனி விவரம் அச்சிட்டிருக்கும் இடத்தின் மேலேயே கடையின் மஞ்சள் ஸ்டிக்கர், போன் நம்பரோடு "நன்றி, மீண்டும் வருக" என்று ஒட்டியிருந்தது. எல்லாக் கடையிலும் இப்படி ஒட்டுவதுதானே.

வீட்டில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைப் போட்டு எமுலேட்டரை ஓட விட்டதும் மவுஸ் நகரவே யோசித்தது. தங்கை டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். கோர் 4, லாஜிக்கல் பிராசசர் 8. மெமரி பக்கத்தில் ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தது. அப்படியென்றால் ரேம் போர்டிலேயே ஒட்டியது என்று அர்த்தம், ஸ்லாட்டுக்கே இடமில்லை. அவள் ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்ப் பெட்டியை எடுத்து வந்து அந்த மஞ்சள் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். பாதி கிழிந்து வந்தது. அடியில் சின்ன எழுத்தில் ரைசன் 5 7520யு. சரியாக அந்த வரியை மறைத்துத்தான் ஒட்டியிருக்கிறார்கள். ஸ்டிக்கரோடும் இல்லாமலும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

மறுநாள் கடை திறந்ததும் போய் நின்றோம். முந்தின நாள் "ண்ணா ண்ணா" என்று சுற்றி வந்த பையன் கண்ணை நிமிர்த்தவில்லை. "ரெண்டும் ரைசன் 5தான் ண்ணா, சீரிஸும் ஒண்ணுதான், ஸ்பீடுல ஒண்ணும் தெரியாது" என்றான். டிஸ்ப்ளே பீஸ் எங்கே என்று கேட்டேன். வித்துப்போச்சாம். ஓனர் எங்கே என்றால் பெங்களூருக்குப் போயிருக்கிறாராம். போனில் பிடித்தால் "நேர்ல வாங்க தம்பி பேசிக்கலாம்", நேரில் போனால் "போன் பண்ணிட்டு வரக்கூடாதா". அப்புறம் "கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கேளுங்க" என்றார்கள். சர்வீஸ் சென்டரில் நியாயமாகவே சொன்னார்கள், லேப்டாப்பில் பழுது இல்லை, கடைக்காரர் எதை விற்றாரோ அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று. திரும்பி வந்தால் புதுப் பாட்டு: "சீலை ஒடச்சிட்டீங்களே, இனி ரிட்டர்ன் எடுக்க முடியாது." சீலை உடைக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? இதைக் கேட்டதற்குப் பதில் இல்லை.

கடைசியாக ஓனர் ஆளே கிடைத்தபோது சொன்னதுதான் உச்சம். "சரி, உங்களுக்காகப் பண்றேன். பழைய லேப்டாப்பா முப்பத்திநாலாயிரத்துக்கு எடுத்துக்கறேன், மேல காசு போட்டு 7530 வாங்கிக்குங்க." பெட்டியில் இருந்து எடுத்த புதுமை போகாத லேப்டாப், அவர் கையாலேயே கொடுத்தது, அதற்கு 34,000. நான் கொடுத்தது 52,500. அப்பாவைப் பார்த்து, "ஐயா, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது, வயசுப் பசங்க பேச்சைக் கேட்டுட்டு வராதீங்க" என்றார். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்துவிட்டார். வழி நெடுக எங்களோடும் பேசவில்லை.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில் கீழே அச்சடித்திருப்பதைக் காட்டி மிரட்டினால் பயப்படாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. ஒரு பொருளை இன்ன தரம், இன்ன மாடல் என்று பொய் சொல்லி விற்பது அதில் நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகார் பதிந்து எண் வாங்கிவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே எழுதிக் கொடுக்கலாம், நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 52,500 ரூபாய் சின்னக் காசு, அலைச்சலுக்குப் பயந்து விட்டுவிடுவான் என்றுதான் அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். நான் விடப் போவதில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், மனு எழுதுகிற வேலை பாக்கி இருப்பதால் முக்கியமானது மட்டும். டிஸ்ப்ளேயில் காட்டுவதை நம்பாதீர்கள், உங்களுக்குக் கொடுக்கும் பெட்டியைக் கடையிலேயே பிரித்து, ஆன் செய்து, டாஸ்க் மேனேஜரைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். பெட்டி மேல் கடை ஸ்டிக்கர் இருந்தால் கிழித்துப் பாருங்கள், கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். "7000 சீரிஸ்", "12வது ஜெனரேஷன்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஏற்காதீர்கள், பிராசசரின் முழு எண்ணும் ரேம் ஸ்லாட் உண்டா இல்லையா என்பதும் பில்லில் வர வேண்டும். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

அந்த மஞ்சள் ஸ்டிக்கர் பெட்டி யாரிடமாவது இருந்தால் இன்றைக்கே சுரண்டிப் பாருங்கள். வேறு எண் இருந்தால் பில்லோடு எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.