இரண்டு தெர்மோஸ்டாட் மாட்டினால் இரண்டு ஸோன் ஆகிவிடாது

லண்டன் பக்கம் பழைய வீட்டில் இருப்பவர்கள், வீட்டுச் சூடேற்றும் ஹீட்டிங்கை மாடிக்கும் கீழுக்கும் தனித்தனி ஸோனாக, அதாவது தனித்தனியாக இயக்கக்கூடிய பகுதிகளாகப் பிரிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களிடம் 1,400 பவுண்டு வாங்கிக்கொண்டு "ஸோன் பிரித்தாயிற்று" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்மையில் எதையுமே பிரிக்கவில்லை.

எங்கள் வீடு ஹாரோவில், 1930-களில் கட்டிய செமி, அதாவது ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டிய வீடு. குழாய்த் தண்ணீரையும் ஹீட்டிங்கையும் சேர்த்துச் சூடாக்கும் ஒரு காம்பி பாய்லர், சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் அறைக்கு அறை, ஹாலில் வெப்பநிலையைப் பார்த்து பாய்லரை இயக்கும் ஒரே ஒரு தெர்மோஸ்டாட். பகல் முழுக்க நான் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறேன், மாடி காலி. ராத்திரி எல்லோரும் மாடியில், கீழே காலி. காலி அறைக்கு எதற்குக் கேஸ் எரிக்க வேண்டும் என்றுதான் இதில் இறங்கினோம்.

தெரிந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கிடைத்த நம்பர். வந்தவர் தமிழர், நன்றாகப் பேசினார். "அண்ணா, இப்ப எல்லா வீட்டுக்கும் ரெண்டு ஸோன் சட்டப்படி கட்டாயம், என்னைக்கா இருந்தாலும் செஞ்சுதான் ஆகணும்" என்றார். அது பச்சைப் பொய். இங்கிலாந்துக் கட்டட விதிகளின் எல் பகுதி இரண்டு ஸோன் கேட்பது, 150 சதுர மீட்டரோ அதற்கு மேலோ உள்ள புது வீடுகளுக்கு. பழைய செமி வீட்டுக்காரரை இதைச் சொல்லிப் பயமுறுத்துவது வியாபாரத் தந்திரம், வேறொன்றும் இல்லை.

காலையில் இரண்டு பேர் வந்தார்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். ஹாலில் ஒன்று, மாடி லேண்டிங்கில் ஒன்று என்று பளபளவென்று புது தெர்மோஸ்டாட். மொபைல் ஆப்பில் 'மேலே', 'கீழே' என்று தனித்தனிக் கட்டம். பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

குளிர்காலம் தொடங்கியதும் வண்டவாளம் வெளியே வந்தது. மாடியை 12 டிகிரிக்குக் குறைத்து வைத்தாலும் மாடி ரேடியேட்டர் தொட முடியாத சூடு. ராத்திரி மாடிக்கு மட்டும் போட்டால், ஆளே இல்லாத ஹால் விடிய விடியக் காய்கிறது. முன்பு ஒரு தெர்மோஸ்டாட் சூடு கேட்டால்தான் பாய்லர் எரியும். இப்போது இரண்டில் எது கேட்டாலும் வீடு முழுக்கச் சூடு. கேஸ் பில் குறையவில்லை, ஏறியது. போன் செய்தால் முதலில் "சிஸ்டம் செட்டாகக் கொஞ்ச நாள் ஆகும்ணா", அப்புறம் "ரேடியேட்டர்ல காத்து இருக்கும்", அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை.

வேறொரு ஹீட்டிங் இன்ஜினியரைக் காசு கொடுத்து வரவழைத்தோம். பாய்லர் பக்கத்து வயரிங் பெட்டியைத் திறந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு தெர்மோஸ்டாட்டின் வயரும் ஒரே முனையில் சொருகியிருந்தது. இன்வாய்ஸில் 'ஸோன் வால்வு – 2' என்று இருக்கிறது, குழாயில் சுடுநீரைத் திறந்து அடைக்கும் மோட்டார் வால்வு அது. இருந்தது ஒன்றுதான். அதுவும் பாய்லரிலிருந்து வரும் பிரதானக் குழாயில், மாடிக்கும் கீழுக்கும் பிரிவதற்கு முன்னாலேயே. அதிலிருந்து ஓர் ஆரஞ்சு வயர் வரும். வால்வு முழுதாகத் திறந்த பிறகே பாய்லரை எரியச் சொல்வது அந்த வயர்தான். அதை வெட்டிக் கறுப்பு டேப் சுற்றி விட்டிருந்தார்கள். வால்வு மூடியபடி மாட்டிக்கொண்டால்கூடப் பாய்லர் அது தெரியாமல் எரியும், அளவுக்கு மீறிச் சூடாகி நின்றுவிடும். இதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. காசு ஏமாற்றியது ஒரு பக்கம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இப்படிச் செய்ய எப்படி மனம் வரும்?

ஸோன் என்பது சுவரில் இல்லை, குழாயில் இருக்கிறது. மாடிக்குப் போகும் குழாய் வேறு, கீழே போகும் குழாய் வேறு என்று இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார் வால்வு வேண்டும். எங்களுடையது மாதிரி வீடுகளில் மாடித் தரைக்கு அடியில் ஓடும் ஒரே குழாயிலிருந்துதான் மேலும் கீழும் கிளை பிரிகிறது. அதைப் பிரிக்க கார்ப்பெட்டைச் சுருட்டி, தரைப்பலகையைப் பெயர்த்து, தண்ணீரை வடித்து, குழாயை வெட்டிப் புதிதாக இழுத்து, பிறகு துருத்தடுப்பு மருந்து கலந்து திரும்ப நிரப்ப வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு பலகைகூட அசையவில்லை. குழாய் எந்த வழியாக ஓடுகிறது என்று கேட்காமலே விலை சொல்பவரை அப்போதே அனுப்பிவிடுங்கள். கேஸ் சேஃப் அட்டையைக் காட்டினாலும் சரி, அது கேஸ் வேலைக்கான தகுதி, ஸோன் பிரிக்கத் தெரியும் என்பதற்கு அத்தாட்சி அல்ல.

தரையை உடைக்க விருப்பமில்லை என்றால், ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் தானாகத் திறந்து மூடும் வயர்லெஸ் வால்வுத் தலை மாட்டி அறை அறையாகக் கட்டுப்படுத்தலாம். எங்கள் வீட்டுக்கு முதலிலேயே அதுதான் பொருத்தம் என்றார் இரண்டாவதாக வந்தவர். இப்போது அதைத்தான் போட்டிருக்கிறோம்.

ஏற்கெனவே வேலை முடித்துப் பணமும் கொடுத்தவர்கள் இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். பாய்லர் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் திருகுகளையெல்லாம் முழுதாகத் திறந்து, மாடியை அணைத்துவிட்டுக் கீழே மட்டும் போடுங்கள். அரை மணி நேரம் கழித்து மாடி ரேடியேட்டர்களைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஸோன் பிரியவில்லை. அப்புறம் மாற்றிச் செய்யுங்கள். ஆப் காட்டும் தீச்சுடர் படத்தை நம்ப வேண்டாம், சூடு கேட்கப்பட்டது என்று மட்டும்தான் அது சொல்லும்.

பண விஷயம். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்யாதவர் தன் செலவில் திரும்பச் செய்து தர வேண்டும், இல்லாவிட்டால் விலையைக் குறைக்க வேண்டும். மிச்சத்தைக் கேஷாகக் கொடுத்தால் தள்ளுபடி என்று அவர்கள் ஆசை காட்டினார்கள். நல்லவேளை, 300 பவுண்டு அட்வான்ஸ் கிரெடிட் கார்டில் போனது. 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள வேலைக்கு ஒரு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தாலே முழுத் தொகைக்கும் கார்டு கம்பெனியும் பொறுப்பு. இன்வாய்ஸ், வயரிங் பெட்டியின் போட்டோக்கள், இரண்டாவது இன்ஜினியர் எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாவற்றையும் கார்டு கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறோம். போட்டோ எடுக்கும் வரை எந்த வயரையும் சரிசெய்ய விடாதீர்கள். எங்கள் கோரிக்கை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. அங்கே நடக்கவில்லை என்றால் நீதிமன்றத்தில் 10,000 பவுண்டு வரையிலான சிறு வழக்குப் பிரிவில் போடுவதாக வேலை செய்தவர்களுக்குக் கடிதமும் போய்விட்டது.