சத்தியமூர்த்தியைத் தேடிப் படிக்க நாடாளுமன்ற மின்நூலகம் எப்படி?

தீரர் சத்தியமூர்த்தி என்றால் பூண்டி நீர்த்தேக்கம், காமராஜரின் அரசியல் குரு என்ற இரண்டோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 1887-ல் திருமயத்தில் பிறந்து, சென்னையில் வக்கீலாக இருந்து, 1923-ல் சென்னை மாகாண சட்டசபைக்கும் 1935-ல் மத்திய சட்டசபைக்கும் (பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இன்றைய நாடாளுமன்றத்துக்கு முன்னோடியாக இருந்த சபை) போனவர் அவர். அந்த மத்திய சபையில் அவர் பேசியதை வரி வரியாகப் படிக்க இந்திய நாடாளுமன்றத்தின் மின்நூலகம்தான் நல்ல இடம். காசும் இல்லை, பதிவு செய்துகொள்ளவும் வேண்டாம்.

ஆனால் தேடல் பெட்டியை நம்பி இறங்காதீர்கள். சுதந்திரத்துக்கு முந்தைய விவாதங்கள் பழைய அச்சுப் பக்கங்களின் ஸ்கேன். எழுத்துகளை இயந்திரம் படித்த விதத்தில் பிழைகள் உண்டு. அவர் பெயரே சில பக்கங்களில் சிதைந்திருக்கும். போதாக்குறைக்கு, அந்தக் கால அச்சில் அவர் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'மூர்த்தி'க்கு 'எச்' கிடையாது. இன்றைய வழக்கப்படி 'எச்' போட்டுத் தேடினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

தேதியைப் பிடித்துப் போவதே சரியான வழி. வரலாற்று விவாதங்கள் பகுதியில் மத்திய சட்டசபையைத் திறந்து, ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். 1935 முதல் 1939 வரைதான் அறுவடை. வருஷ ஆரம்பத்தில் டெல்லியில் பட்ஜெட் கூட்டத்தொடர், ஆகஸ்ட் வாக்கில் சிம்லாவில் இன்னொன்று. 1939-ல் போர் விவகாரத்தில் காங்கிரஸ் சபையை விட்டு விலகியதால், அதற்குப் பிந்தைய தொகுதிகளில் அவர் குரலை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். கோப்புகள் கனமானவை. இறக்கி வைத்துக்கொண்டு கணினியில் படியுங்கள், போனில் திணறும்.

இறக்கியதும் நீண்ட உரைகளுக்குத் தாவாமல் கேள்வி நேரத்தை முதலில் படியுங்கள். வக்கீல் தெரிவது அங்கேதான். எழுத்தில் கொடுத்த கேள்வி (அ), (ஆ), (இ) என்று உடைந்திருக்கும்: இப்படி நடந்தது உண்மையா, அரசின் கவனத்துக்கு வந்ததா, என்ன நடவடிக்கை. அதற்கு அரசுத் தரப்பு தயாராகக் கொண்டுவந்த பதிலைப் படிக்கும். பிறகு துணைக்கேள்விகள்: சிறியவை, ஆம் இல்லை என்று சொல்லியே ஆகவேண்டியவை, ஒன்றின் பதிலைப் பிடித்து அடுத்தது. எதிரில் இருப்பவர் உள்துறை உறுப்பினர் (வைஸ்ராய் அரசில் அமைச்சர் மாதிரி) ஹென்றி கிரெய்க்கோ நிதி உறுப்பினர் ஜேம்ஸ் கிரிக்கோ, கோர்ட்டில் நடக்கும் குறுக்கு விசாரணை மாதிரியே போகும். பதில் இல்லாதபோது 'இதற்கு நோட்டீஸ் வேண்டும்', அதாவது முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், என்று அவர்கள் ஒதுங்குவதும் அச்சில் அப்படியே இருக்கிறது. எந்த வாழ்க்கை வரலாற்றிலும் இவ்வளவு நெருக்கமாக அவரைப் பார்க்க முடியாது.

பெரிய குறை, இது மத்திய சபைக்கு மட்டும். 1928-ல் பாரதியார் பாடல் நூல்களை அரசு பறிமுதல் செய்தபோது அவர் போராடியது சென்னை சட்டசபையில். அதை இங்கே தேடிப் பலனில்லை. அதற்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அனுமதி வாங்கி, அந்த ஆண்டு அக்டோபர் நடவடிக்கைத் தொகுதியைக் கேளுங்கள்.