18 வெள்ளி அகராதியும் பேத்தியின் பிறந்தநாள் கேக்கும்

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங் கடைத்தெருவில் பேத்திக்காக ஒரு சின்னத் தமிழ் அகராதி வாங்கினேன். 18 வெள்ளி, அதாவது ரிங்கிட். எழுத்து எனக்கே கண்ணாடி இல்லாமல் தெரிகிறது. பள்ளிப் பைக்குள் 3 மாதம் கிடந்தும் ஏடு கழன்று வரவில்லை. பாராட்ட அவ்வளவுதான் இருக்கிறது.

நாலாம் ஆண்டு படிக்கிறாள். 'சூழ்ச்சி'யை வைத்து வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் 'இரகசியத் திட்டம்' என்று இருக்கிறது. எழுதிவிட்டாள்: "அம்மாவும் பாட்டியும் சூழ்ச்சி செய்து என் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கினார்கள்." டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். "ரகசியமாத்தானே தாத்தா வாங்குனாங்க?" என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதானே?

அடுத்தவனைக் கவிழ்க்கும் எண்ணம் இருந்தால்தான் அது சூழ்ச்சி. 'கெடுக்கும் நோக்கத்தோடு' என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் போதும். சரி, 'சதி' எப்படி என்று பார்த்தேன். 'சூழ்ச்சி, மனைவி' என்று ஒரே மூச்சில் போட்டிருக்கிறார்கள். சதிபதி என்பதில் வரும் சதி வேறு சொல் என்று பத்து வயதுப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? வீட்டுக்காரியிடம் வாசித்துக் காட்டினேன். அன்றைக்குத் தேத்தண்ணீர் தாமதமாகத்தான் வந்தது.

பழைய பொருளும் அதில் இல்லை. 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்ற 671ஆம் குறளில் சூழ்ச்சி என்றால் ஆலோசனை, வேறொன்றுமில்லை. 204ஆம் குறளில் 'மறந்தும் பிறன்கேடு சூழற்க' என்கிறார் வள்ளுவர். சூழ்வது வெறும் எண்ணுவதாக இருந்ததால் கேட்டைத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது சொல்லாமலே கேடு உள்ளே குடியேறிவிட்டது. வள்ளுவர் திருத்தியிருந்தால் உனக்குப் பாதி மதிப்பெண்ணாவது கிடைத்திருக்கும் என்று பேத்தியைத் தேற்றினேன்.

எஸ்டேட்டில், அதாவது தோட்டத்தில், நாங்கள் சூழ்ச்சி, சதி என்றெல்லாம் பேசியதில்லை. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கலைந்ததும் நாலு பேர் ஸ்டோர் பக்கம் ஒதுங்கி நின்றால், "என்னாடா பாக்காட்டு?" என்பார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். மலாய்ச் சொல். கெடாவில் கல்யாண வீட்டுக்கு எல்லாரும் கூடி வேலை செய்வதும் பாக்காட்டுதான், மண்டோரை மாட்டிவிடப் பேசி வைப்பதும் பாக்காட்டுதான். எந்தப் பாக்காட்டு என்று குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேக் வாங்கியது முதல் வகை.

கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். "பிரிச்ச புக்கை எடுக்க மாட்டோம் அங்கிள்" என்று சொல்லி, பிளாஸ்டிக் உறை ஒன்று சும்மா போட்டுக் கொடுத்தான் பையன். ல, ள, ழ சந்தேகம் தீர்க்க மட்டும் என்றால் வாங்கலாம். பொருள் தெரிய வேண்டுமென்றால், கூடக் காசு போனாலும் எடுத்துக்காட்டு வாக்கியம் உள்ள அகராதியாகப் பாருங்கள்.

எங்கள் வீட்டுப் பிரதியில் 'இரகசியத் திட்டம்' என்பதற்கு முன்னால் பென்சிலில் 'கெட்ட' என்று இருக்கிறது. பேத்தியின் கையெழுத்து.