விண்ணப்பத்தில் யாருடைய மெயில் ஐடி? கனடாவுக்குப் படிக்க அனுப்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கனடா படிப்புக்காக ஏஜென்ட் ஆபீஸ் படியேறுகிறவர்கள் ஃபீஸைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: கல்லூரி விண்ணப்பத்திலும் விசா விண்ணப்பத்திலும் யாருடைய மெயில் ஐடியைப் போடப்போகிறீர்கள்? "எங்க ஆபீஸ் ஐடிதாங்க, ஃபாலோ பண்ண ஈஸியா இருக்கும்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். என் தம்பிக்குக் கிடைக்க வேண்டிய மூன்று வருட வேலை அனுமதி இதில்தான் போனது.

தம்பி பி.இ. மெக்கானிக்கல். 2023 கடைசியில் கோவையில் உள்ள ஒரு கன்சல்டன்சி மூலமாக, ஒன்டாரியோ மாகாணக் கல்லூரி ஒன்றில் இரண்டு வருட ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் படிப்புக்கு விண்ணப்பித்தோம். "கவர்ன்மென்ட் காலேஜுங்க மேடம். ரெண்டு வருஷம் படிச்சா மூணு வருஷம் ஒர்க் பர்மிட், அப்புறம் பிஆர் (அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை)" என்றார் அங்கிருந்தவர். முதல் வருடக் கட்டணம் சுமார் 10 லட்சம், ஜிஐசி (அங்கே வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட கனடா வங்கியில் போடும் டெபாசிட்) அப்போது 10,000 கனடா டாலர் என்றால் இன்னொரு 6 லட்சம். வீட்டுப் பத்திரத்தை வைத்து அப்பா கல்விக்கடன் வாங்கினார். ஆபீசின் சேவைக் கட்டணம் தனி.

ஆஃபர் லெட்டரின் தலையில் இருப்பது அரசுக் கல்லூரியின் பெயரும் சின்னமும்தான். வகுப்பு நடக்கும் முகவரி இரண்டாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருக்கிறது: டொரன்டோ புறநகரில் ஒரு கட்டடம். அதற்குக் கீழே, ஒரு தனியார் கல்லூரியுடன் "கூட்டாக" நடத்தப்படும் படிப்பு என்று ஒரு வரி. அரசுக் கல்லூரி இருப்பதோ வடக்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி. பாடத்திட்டமும் சான்றிதழும் அவர்களுடையவை. பாடம் எடுப்பது தனியார். அந்த வரியைக் காட்டிக் கேட்டபோது, "எல்லா காலேஜும் அப்படித்தாங்க" என்று பதில் வந்தது.

இந்த மாதிரிப் படிப்புகளுக்குத்தான் 2024 ஜனவரி 22 அன்று அடி விழுந்தது. அன்றைக்குக் குடிவரவு அமைச்சர் மார்க் மில்லர் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பை அறிவித்தார். கூடவே, இப்படிக் கூட்டாக நடத்தும் படிப்புகளில் சேருகிறவர்களுக்குப் பிஜிடபிள்யூபி, அதாவது படித்து முடித்ததும் தரும் வேலை அனுமதி, இனிக் கிடையாது என்றார். முதலில் செப்டம்பர் 1 என்றிருந்த தேதியை அப்புறம் மே 15-க்கு முன்னுக்கு இழுத்தார்கள். மே 15-க்கு முன் வகுப்பில் சேர்ந்தவன் தப்பித்தான், அதற்குப் பிறகு சேர்ந்தவனுக்கு ஒன்றுமில்லை.

தம்பிக்கு ஜனவரியிலேயே ஸ்டடி பர்மிட் (படிக்கப் போவதற்கான அனுமதி) வந்துவிட்டது. மே மாதத் தொடக்கத்தில் வகுப்பு. மார்ச்சில் ஆபீசிலிருந்து போன்: "மே இன்டேக் ஃபுல் ஆயிடுச்சுங்க, செப்டம்பருக்கு மாத்திட்டோம், ஒண்ணும் வித்தியாசம் இல்லீங்க."

செப்டம்பரில் போய் இறங்கியபின் உடன் படிக்கும் பையன்கள் சொல்லித்தான் அவனுக்கு விஷயமே தெரிந்தது. கல்லூரி அலுவலகத்தில் கேட்டான். "உனக்கு மெயில் அனுப்பினோமே" என்று நகல்களை எடுத்துக் கொடுத்தார்கள். மார்ச்சில் ஒன்று: மே சீட்டை இந்தத் தேதிக்குள் உறுதிசெய்யவும், இல்லையேல் அடுத்த இன்டேக்குக்கு மாற்றப்படும். ஏப்ரலில் ஒன்று: வேலை அனுமதி விதி மாறிவிட்டது, விரும்பினால் பணத்தைத் திரும்பப் பெறலாம், கடைசித் தேதி இது. இரண்டும் போய்ச் சேர்ந்தது, தம்பி பெயரில் ஆபீஸ் உருவாக்கி, பாஸ்வேர்டைத் தானே வைத்துக்கொண்ட ஜிமெயிலுக்கு. சீட் ஃபுல் ஆகவே இல்லை. மெயிலைத் திறந்துகூடப் பார்க்கவில்லையா, பார்த்துவிட்டு மறைத்தார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம். பணத்தைத் திரும்ப வாங்கியிருந்தால் அவர்கள் கமிஷனும் போயிருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

வேறு கல்லூரிக்கு மாறலாம் என்று பார்த்தால் அந்தக் கதவும் மூடியாயிற்று. 2024 நவம்பர் 8 முதல் கல்லூரி மாறவே புது ஸ்டடி பர்மிட் வாங்க வேண்டும். நவம்பர் 1 முதல் புது ஸ்டடி பர்மிட்டுக்கு விண்ணப்பிப்பவர் டிகிரி அல்லாத படிப்பில் சேர்ந்தால், அது அரசு பட்டியலிட்ட துறைகளில் இருந்தால்தான் வேலை அனுமதி. அவன் எடுத்த ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் அந்தப் பட்டியலில் இல்லை. சேர்ந்ததையே முடிக்கிறான், வாரத்துக்கு 24 மணி நேரம் வேலை பார்க்கிறான். கடன் தவணை தொடங்கும்போது அங்கே வேலை பார்க்க அவனுக்கு அனுமதி இருக்காது.

இந்த ஏஜென்ட்கள் இந்தப் படிப்புகளையே ஏன் தலையில் கட்டுகிறார்கள்? 2019-இல் ஒன்டாரியோ அரசு உள்நாட்டு மாணவர் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து அப்படியே நிறுத்திவைத்தது. அரசு மானியமும் குறைவு. பள்ளத்தை நிரப்பியது வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணம். மாகாணத் தணிக்கையாளரின் 2021 அறிக்கையைப் பாருங்கள்: 2020–21இல் அரசுக் கல்லூரி மாணவர்களில் வெளிநாட்டினர் 30 சதவீதம், ஆனால் கட்டண வருவாயில் அவர்கள் தந்தது 68 சதவீதம். அந்த வெளிநாட்டினரில் 62 சதவீதம் இந்தியர்கள். அந்த ஒரு வருடம் ஏஜென்ட்களுக்குக் கல்லூரிகள் கொடுத்த கமிஷன் 11 கோடி டாலருக்கும் மேல். வடக்கே குளிரில் கிடக்கும் சின்ன ஊருக்கு யார் போவார்கள்? அதனால் டொரன்டோ பக்கம் தனியாருக்குப் பாடத்திட்டத்தை வாடகைக்கு விட்டார்கள். கனடா அரசு பல வருடம் கண்டும் காணாமல் இருந்துவிட்டு, வீட்டு வாடகை எகிறியதும் மாணவர் பக்கம் திரும்பியது. "ஃப்ரீ கவுன்சிலிங்" என்று போர்டு மாட்டியிருக்கும் ஆபீசுக்குச் சம்பளம் தருவது கல்லூரிதான். நாம் தருவது அதற்கு மேல்.

மெயில் ஐடி, பாஸ்வேர்டு, விசா கணக்கு எல்லாம் பிள்ளையின் கையில் இருக்கட்டும். வகுப்பு எந்தக் கட்டடத்தில் என்பதைக் கல்லூரிக்கே நேராக எழுதிக் கேளுங்கள். கனடா அரசின் கல்லூரிப் பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு வேலை அனுமதி உண்டா என்று பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல அந்த நாட்டு வக்கீல், சிஐசிசி (குடிவரவு ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் கனடா அமைப்பு) உரிமம் பெற்ற ஆலோசகர் போன்ற உரிமம் உள்ளவர்தான் வேண்டும். உரிம எண்ணை இணையத்திலேயே சரிபார்க்கலாம்.

நாங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். "ஒர்க் பர்மிட் தருவதாக எழுத்தில் எங்கும் சொல்லவில்லை" என்பது அவர்கள் பதில். எழுத்தில் இல்லைதான். அப்பாவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் இருக்கிறது. இப்போது கூகுள் ரிவ்யூவை எடுத்துவிட்டால் சேவைக் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகத் தூது விடுகிறார்கள். ரிவ்யூ அங்கேயே இருக்கிறது.