தர்பூசணி: தட்டும் முன் புரட்டிப் பாருங்கள்

குவியலைக் கண்டதும் எல்லோரும் தட்டுகிறார்கள். பழுத்தது ‘தொம்’ என்று ஆழமாக ஒலிக்கும், காய் ‘டங்’கென்று கணீரெனக் கேட்கும், அளவுக்கு மீறிப் பழுத்தது ‘மொத்’தென்று அமுங்கிப் போகும். சோதனை சரிதான். ஆனால் பழகாத காதுக்கு மூன்றும் ஒன்றாகத்தான் கேட்கும்.

கண்ணுக்குத் தெரிவது அடிப்பக்கம். கொடியில் கிடந்தபோது மண்ணில் படிந்திருந்த இடத்தில் வெயில் படாமல் ஒரு திட்டு விழுந்திருக்கும். அது வெண்ணெய் நிறத்திலிருந்து நல்ல மஞ்சள்வரை இருந்தால் எடுக்கலாம். வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் அவசரப்பட்டுப் பறித்தது. நாலு நாள் வைத்தால் பழுத்துவிடும் என்ற கணக்கு வாழைப்பழத்துக்குச் சரி. பறித்த தர்பூசணியில் அதற்கு மேல் இனிப்பு ஏறாது.

அடுத்தது எடை. ஒரே அளவுள்ள இரண்டைத் தூக்கிப் பார்த்து, கனமானதை எடுங்கள். பழத்தில் சுமார் 92% தண்ணீர். அளவுக்கேற்ற கனம் இல்லையென்றால் சாறு குறைவு. பளபளப்பைவிட மங்கலான தோல் நல்லது. காம்பை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம், பறித்துச் சில நாளானால் காயின் காம்பும் காய்ந்துவிடும். உருண்டை ‘பெண்’, நீளம் ‘ஆண்’ என்பதெல்லாம் கதை. வடிவம் ரகத்தைப் பொறுத்தது. ஆண் பூவில் காயாக வளரும் சூலகமே இல்லை, அதில் காயே பிடிக்காது, இதில் ஆண் பழம் எங்கிருந்து வரும்?

வெட்டி வைத்த பாதியில் ஊகத்துக்கு வேலையில்லை, சதை தெரிகிறது. நிறம் வெளிறாமல், விதை நன்றாகக் கறுத்திருக்க வேண்டும். உறைக்குள் சாறு தேங்கியிருந்தால் வெட்டி நேரமாகிவிட்டது, விட்டுவிடுங்கள். நடுவில் பிளந்து குழியாக இருப்பது பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை குறைந்ததால் வருவது. புளித்த வாடையோ வழவழப்போ இல்லையென்றால் தாராளமாகச் சாப்பிடலாம்.

விதையில்லா ரகத்தில் கிடைக்கும் மெல்லிய வெள்ளை விதைகள் வெறும் விதையுறை. காய் என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம். துப்பும் வேலை மிச்சம், அவ்வளவுதான். விதையில்லை என்பதற்காக இனிப்பு கூடிவிடாது.

நம் தேர்வு, மஞ்சள் திட்டோடு கனமாக இருக்கும் முழுப் பழம். வெட்டும் முன் தோலைத் தேய்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் தோலிலுள்ள அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டுபோகும். முழுசாக ஒரு வாரம் வெளியிலேயே இருக்கலாம். வெட்டியதை மூடி ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள்.