சுண்டு விரலுக்காக வாங்கிய விசைப்பலகை: கீக்ரான் வி1

நான் படித்த விசைப்பலகை விமர்சனங்கள் பெரும்பாலும் ஆங்கிலம் தட்டுகிறவர்கள் எழுதியவை. சத்தம் எப்படி, விசைகளின் மேல்மூடி (கீகேப்) என்ன நிறம், விளக்கு எத்தனை விதமாக மினுங்கும் என்று பக்கம் பக்கமாக வரும். தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் தட்டுகிறவனின் வலது சுண்டு விரல் என்ன பாடுபடும் என்பதைப் பற்றி ஒரு வரி இருக்காது. பகலில் பைத்தான் நிரல், இரவில் தமிழ்க் கட்டுரை என்று இரண்டையும் ஒரே பலகையில் தட்டுகிறவன் நான். கீக்ரான் நிறுவனத்தின் வி1 விசைப்பலகையை வாங்கியதற்குக் காரணமே அந்த விரல்தான்.

தமிழ்99 அருமையான அமைப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவாகி, அதே ஆண்டில் தமிழக அரசின் ஒப்புதலையும் பெற்றது. இடது கைக்கு உயிரெழுத்துகள், வலது கைக்குப் பெரும்பாலான மெய்கள். உயிர்மெய் தட்டும்போது கைகள் மாறி மாறி வேலை செய்யும். 'க'வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்தின் மேல் புள்ளி தானாக ஏறிவிடும்; 'ங'வுக்குப் பின் 'க' தட்டினாலும் அப்படியே. 'தங்கம்' என்று எழுத ஐந்தே தட்டல்கள் போதும். (கக்கன் பெயரை எழுத மட்டும் முதல் 'க'வுக்குப் பிறகு 'அ'வைத் தட்டிப் புள்ளியைத் தடுக்க வேண்டும். எளிமைக்குப் பேர்போன அமைச்சரின் பெயருக்கு இப்படி ஒரு சிக்கல்!)

சிக்கல் வலது ஓரத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் வலது சுண்டு விரலின் பொறுப்பில் இருக்கும் ஒரே எழுத்து 'பி'. தமிழ்99இல் அந்த இடத்தில் 'ண' இருக்கிறது. அரைப்புள்ளியில் 'ந', மேற்கோள் குறியில் 'ய', சதுர அடைப்புக்குறிகளில் 'ச'வும் 'ஞ'வும், சாய்கோட்டில் 'ழ'. எண்ணிப் பாருங்கள், ஆறு எழுத்துகள். அதிலும் 'ந', 'ய', 'ச' மூன்றும் வரிக்கு வரி வருபவை. கையிலேயே மெலிந்த விரலுக்கு இவ்வளவு வேலை. முழு அளவுப் பலகையில் '40 சதவீதம்' என்று விற்கப்படும் குட்டிப் பலகைகளில் இந்த விசைகளில் பல இருக்கவே இருக்காது. தமிழ்99காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

வி1 அதைவிடப் பெரியது, 75 சதவீதம் என்று சொல்லப்படும் அளவு. எண்களுக்கான தனிப்பகுதி கிடையாது. மற்றபடி தேவையானவை எல்லாம் உண்டு. ஆனால் என்னை வாங்க வைத்தது அளவு அல்ல. விசைகளுக்கு அடியில் இருக்கும் சுவிட்சுகளைச் சாலிடரிங் செய்யாமலே ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாற்றலாம். பிரவுன் சுவிட்சுகளுடன் வாங்கினேன். பிறகு சென்னை ரிச்சி தெருவில் ரெட் சுவிட்சுகள் கொஞ்சம் வாங்கி வந்து, மேலே சொன்ன ஆறு விசைகளுக்கு மட்டும் பொருத்தினேன். ரெட் ஏறத்தாழ 45 கிராம் அழுத்தத்திலேயே பதிந்துவிடும். பிரவுனில் பாதி அழுத்தத்தில் விரலுக்குத் தட்டுப்படும் நடுத்தடங்கலும் இதில் கிடையாது. படிக்கிறவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். நீளமான கட்டுரை ஒன்றைத் தட்டி முடித்த பிறகு என் விரலைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். டக்டக்கென்று சத்தமிடும் ப்ளூ சுவிட்சு வேண்டாம். கூட்டுக் குடும்பத்தில் இரவில் ப்ளூ தட்டுகிறவனுக்கு மறுநாள் காலைக் காபி கிடைக்காது.

தட்டச்சில் தமிழ் ஹையர் தேறிய என் அத்தை வந்திருந்தபோது அவருக்காகப் பழைய தட்டச்சு அமைப்பை மாற்றிக் கொடுத்தேன். லினக்ஸ் இயங்குதளத்தில் அதுவும் இருக்கிறது. நான்கைந்து வரிகள் கண்ணை மூடிக்கொண்டே தட்டினார். "சத்தம் பரவாயில்லையடா, வரி முடிகிற இடத்தில் மணிதான் அடிக்கவில்லை" என்றார். அமெரிக்காவில் யூடியூபில் பேசுகிற நிபுணர் எவரும் இந்தக் குறையைக் கண்டுபிடித்ததில்லை.

அடுத்தது, மொழி மாற்றும் தலைவலி. இரண்டு மொழிகளுக்கும் ஒரே குறுக்குவிசை என்பது யாரோ ஒருமொழிக்காரர் செய்த ஏற்பாடு. இப்போது எந்த மொழியில் இருக்கிறோம் என்று திரையின் மூலையைப் பார்த்துவிட்டுத்தான் தட்ட வேண்டும். பார்க்காமல் தட்டினால் சி நிரலில் அரைப்புள்ளி விழ வேண்டிய இடத்தில் 'ந' வந்து உட்காரும். பைத்தான் இன்னும் மோசம்: அது தமிழ்ப் பெயர்களையும் மாறிகளாக ஏற்றுக்கொள்ளும் மொழி. தனியாக விழுந்த தமிழ்ச் சொல்லை அது இலக்கணப் பிழையாகப் பார்க்காது. அந்த வரி ஓடும்போதுதான் அப்படி ஒரு பெயரே இல்லை என்று கூச்சலிடும்.

ஜப்பானியர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். ஆப்பிளின் ஜப்பானிய விசைப்பலகைகளில் இடைவெளிப் பட்டைக்கு ஒரு பக்கம் ஆங்கிலத்துக்கு ஒரு விசை, மறுபக்கம் கானா என்ற ஜப்பானிய எழுத்துக்கு ஒரு விசை. எத்தனை முறை அழுத்தினாலும் அதே மொழிதான். வி1இல் நானும் அப்படியே செய்தேன். கேப்ஸ் லாக் எப்போதும் ஆங்கிலம், வலது ஆல்ட் எப்போதும் தமிழ். விசைகளை மாற்றி அமைக்க வயா என்ற செயலி இருக்கிறது, உலாவியிலேயே ஓடும். உள்ளே இருப்பது கியூஎம்கே என்ற திறமூல மென்பொருள். நாம் செய்த மாற்றங்கள் விசைப்பலகையின் நினைவகத்திலேயே தங்கிவிடும். லினக்ஸில் எஃப்சிடிக்ஸ்5 என்ற உள்ளீட்டு மென்பொருளில், உள்ளீட்டை இயக்க ஒன்று, நிறுத்த ஒன்று என்று தனித்தனிக் குறுக்குவிசைகளை வைக்கலாம். மேலே சொன்ன இரண்டு விசைகளையும் இவற்றோடு இணைத்துவிட்டால் திரையின் மூலையைப் பார்க்கவே வேண்டாம். பலகையை வேறு கணினிக்கு எடுத்துச் சென்றால் அங்கும் இந்தக் குறுக்குவிசைகளை ஒருமுறை அமைக்க வேண்டும், அவ்வளவுதான்.

குறைகளும் உண்டு. வயாவைப் பயர்பாக்ஸில் திறந்து பயனில்லை, குரோம் போன்ற, குரோமியம் வழிவந்த உலாவி ஒன்று தேவை; திறமூலம் என்று மார்தட்டிக்கொள்ளும் இடத்தில் இது உறுத்துகிறது. பலகை உயரம் அதிகம், மணிக்கட்டுக்கு அடியில் ஏதாவது வைத்தே ஆக வேண்டும். புளூடூத் கிடையாது, கம்பிதான். ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிற எனக்கு அது பொருட்டில்லை. மூலையில் இருக்கும் திருகு குமிழை என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை, இப்போதைக்கு இளையராஜாவின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கிறது. கீகேப்களில் தமிழ் எழுத்து இல்லை என்று வருத்தப்படுகிறவர்களுக்கு என் அனுதாபம் கிடையாது. பார்க்காமல் தட்டக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆங்கில எழுத்தில் 'அம்மா' தட்டித் தமிழாக்கிக்கொள்கிறவர்கள் இதற்குப் பல ஆயிரம் ரூபாய் செலவழிக்க வேண்டியதில்லை. அவர்களின் சுண்டு விரல் சுகமாகத்தான் இருக்கிறது. தமிழ்99காரர்கள், திருகு குமிழ் இல்லாத வகை மலிவாகக் கிடைத்தால் அதையே வாங்கி, மிச்சத்தில் ரெட் சுவிட்சுகளை வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு போதும், ஒன்றிரண்டு கூடுதலாக எடுங்கள், பொருத்தும்போது சுவிட்சின் உலோகக் கால்கள் வளைந்துவிடும்.